வாசலில் ஒரு பள்ளம்

அன்று காலையில் மழை தூறியதா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. தூறியதாகத்தான் ஞாபகம். வாசல் பள்ளத்தில் தண்ணீர் நின்றது, அதில் வானம் ஒரு துண்டு கிடந்தது என்றுகூட நினைவிருக்கிறது. அண்ணனைக் கேட்டால் நல்ல வெயில் என்கிறான். என் வீட்டுக்காரரைக் கேட்டால் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "தண்ணி லாரி சிந்திக்கிட்டே போச்சு, அதான் தண்ணி" என்கிறார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். எனக்குத் தண்ணீரும் வானமும் போதும்.

போன வாரம், என் காதை நானே பரிசோதித்துப் பார்த்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காதுக்கு மெஷின் பொருத்துவது என் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. அறையின் மூலையில் சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். என் மேஜையில் சின்ன விளக்கு எரியும். நாள் முழுவதும் அந்த விளக்குக்காகக் காத்திருப்பதுதான் என் வேலை.

சில மாதங்களாக எனக்கு ஒரு பயம். சாயங்காலம் வாசலில் வண்டி திரும்பினால், வருவது அண்ணனா இவரா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். வாசலுக்கு இடப்பக்கம் இருந்த பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அண்ணன் வண்டி "தொம்-டக்" என்னும். இவர் வண்டி "டக்-தொம்" என்னும். பிறகு எப்போதோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. யார் வந்தாலும் கட்டிலில் தலையணை விழுந்த மாதிரி ஒரு "தப்". என் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். கூண்டுக்குள் நானே உட்கார்ந்து பார்த்ததில் காதில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் குறை எங்கே என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன். மறுநாள் விடிந்தது.

எங்கள் வீடு இரண்டு குடும்பம் சேர்ந்து கட்டியது. கீழே நாங்கள், மேலே அண்ணனும் அண்ணியும். அஸ்திவாரம் ஒன்று. கீழே சமையலறை எங்கேயோ மேலேயும் அங்கேதான். கீழே ஜன்னல் எந்தப் பக்கமோ மேலேயும் அந்தப் பக்கம். ஆனால் மேலே சுவர் பச்சை, கீழே வெள்ளை. மாடி ஏறும்போதெல்லாம், என் வீட்டிலேயே நான் பார்க்காத வேறொரு வாழ்க்கை நடந்துகொண்டிருப்பது போல இருக்கும்.

கொடியில் மேல்வீட்டு நீலச் சட்டைகளும் கீழ்வீட்டுச் சாம்பல் சட்டைகளும் காயும். அண்ணன் ஒரு கார் கம்பெனி. இவர் அதற்குப் போட்டிக் கம்பெனி. இரண்டு பேருக்கும் ஒரே வேலை: வண்டியின் ஸ்பிரிங்கையும் அதிர்வு தாங்கியையும் சாலைக்கு ஏற்றபடி இளக்கியும் இறுக்கியும் பதப்படுத்துவது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். மாடிப்படியில் ஆபீஸ் பேச்சு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அந்தச் சட்டத்துக்குச் சோதனையாக இரண்டு கம்பெனியும் கைகோத்துக்கொண்டன. சின்ன வண்டியில் லாபம் கொஞ்சம். தனித்தனியாக அடிப்பாகம் செய்து கட்டுப்படியாகாது. அதனால் தரை, சக்கரம் நிற்கும் இடம், ஸ்டியரிங், ஸ்பிரிங் எல்லாம் பொது. அதன்மேல் உட்காரும் உடம்பும் முகமும் விளக்கும் பெயரும் அவரவருடையது. வாங்குகிறவருக்கு வேறு வேறு வண்டி. கீழே குனிந்து பார்த்தால் ஒரே வண்டி.

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி, இதைக் கேட்ட அன்று. "கீழ ஒண்ணு. மேல சண்டை."

யாருடைய ஸ்பிரிங் என்பது மட்டும் முடிவாகவில்லை. இரண்டு கம்பெனியும் ஒன்றை ஒன்று பார்க்காமல் தனித்தனியாகப் பதப்படுத்தி, உருவம் தெரியாதபடி ஒரே மாதிரி கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய இரண்டு வண்டிகளைக் கொண்டுவர வேண்டும். எது யாருடையது என்று தெரியாதவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். நல்லதைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நாள்தான் இது.

காலையில் அண்ணி கிளினிக்குக் கிளம்பினாள். அவள் பல் டாக்டர். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பள்ளத்தைத் தாண்டினாள்.

"இது சொத்தைப் பல்லு. இன்னிக்கு நாளைக்குன்னு விட்டா வேர் வரைக்கும் போயிடும். வீட்ல ரெண்டு பேர் காரே செய்யறீங்க, வாசல்ல ஒரு குழியை மூட ஆளில்ல."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு" என்றான் அண்ணன்.

"ஆமாக்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இவர்.

இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசி நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் அதைக் கவனித்தேன். எதற்கென்று தெரியாமல் மனதில் எங்கோ போட்டு வைத்தேன்.

வண்டிகள் போய்விட்டன. தப். கொஞ்சம் கழித்து, தப்.

*

பகல் ஏறியது. கூண்டுக்குள் ஒரு தையற்காரம்மா உட்கார்ந்திருந்தார். தையல் மெஷின் சத்தத்தில் வருடங்களைக் கழித்தவர். கண்ணை மூடிக்கொண்டு, யாரோ தூரத்திலிருந்து கூப்பிடுவதற்குக் காத்திருப்பவர் போல இருந்தார். வெளியே சாலை போடுகிறவர்கள் வந்து இறங்கும் சத்தம். தார் வாசனை மெதுவாக ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

அப்போது இவர் நடந்து வந்தார். வண்டி இல்லை.

இவர் நடந்து வருவதைப் பார்ப்பதே அபூர்வம். கேட்டைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்து சாத்தினார்.

"வண்டி எங்கங்க?"

"வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"யாரு?"

"மேடம்." இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக வைத்திருந்த தலைமைப் பொறியாளர் அவர். "ரெண்டு வண்டியும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்காம். ஓட்டினவங்க யாருக்குமே வித்தியாசம் தெரியலையாம்."

"நல்லதுதானே?"

"நல்லா இருக்கிற இடம் ஒண்ணா இருந்தா பரவாயில்ல. மெதுவாப் போயி, ஸ்டியரிங்கை ஒடிச்சு, குழியில இறக்கினா ரெண்டும் பஞ்சு. சரி. ஆனா பெரிய ரோட்டுல வேகமாப் போயி தடம் மாத்தினா, ரெண்டுக்கும் பின்பக்கம் ஒரு நொடி தூங்கிட்டு எந்திரிக்குது. மேடம் கேக்கறாங்க, சரியா எழுதின விடை ஒரே மாதிரி இருக்கலாம், தப்பா எழுதினது எப்படி ஒரே மாதிரி இருக்கும்னு."

பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்தவர்களைப் பிடிப்பது இப்படித்தான்.

"ஒரே வீட்ல இருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும். யாரு யாருகிட்டேந்து எடுத்ததுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். சொல்லலேன்னா ரெண்டு பேருக்குமே வேலை இல்ல."

"நீங்க எடுக்கலையே?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது. கேட்டிருக்கக் கூடாது.

அண்ணன் சற்றுப் பின்னால் வந்தான். அவனும் நடந்துதான். இருவரும் கொடிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நடுவில் நீலமும் சாம்பலுமாகச் சட்டைகள் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று தெரியவில்லை. அதற்குள் ஒரு சட்டை காய்ந்திருக்கும்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுமா."

"கேளுங்க மச்சான்."

"என் வண்டியில ஏறினீங்களா."

காற்று நின்றது. சட்டைகளும் நின்றன.

"நீங்க கேட்டதால நானும் கேக்கறேன்" என்றார் இவர். "என் வண்டியில நீங்க ஏறினீங்களா."

"பன்னெண்டு வருஷமா ஒரே கேட்டைத் திறந்து மூடறோம். இதைக் கேக்கறதுக்கு வாய் வருதா உங்களுக்கு?"

"உங்களுக்கு வந்துச்சே."

அண்ணன் தரையைப் பார்த்தான். இவர் என் பக்கம் திரும்பி, யாருக்கோ நேரம் சொல்வது போலச் சொன்னார். "நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

'நாங்க' என்பதில் நானும் இருக்கிறேன் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் வீடு திடீரென்று மிகவும் உயரமாகத் தெரிந்தது. மேல்மாடி மட்டும் தனியாகக் காற்றில் நிற்பது போல. கீழே ஒன்றுமே இல்லாதது போல.

உள்ளே போனேன். தையற்காரம்மா இன்னும் கூண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பாவம், அவரை மறந்தே போனேன்.

அந்த நேரம் பார்த்து சாலைக்காரர்களின் தண்ணீர் லாரி வந்து வாசலில் திரும்பியது. அதன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

தொம்.

தரை அதிர்ந்தது. நான் ஒலி எதுவும் அனுப்பவில்லை. ஆனால் மேஜையில் விளக்கு எரிந்தது. தையற்காரம்மா பொத்தானை அழுத்தியிருந்தார்.

அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நாளாயிற்று இது நடந்து. முன்பெல்லாம் தினமும் நடக்கும். இரண்டு வண்டியும் வரும் சாயங்கால நேரத்தில் கூண்டில் யார் இருந்தாலும் வீண் விளக்கு எரியும், பரிசோதனை கெடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன். "உங்க வண்டி ரெண்டும் பள்ளத்துல விழுந்தா செவிடங்களுக்கெல்லாம் காது கேக்குது. என் பொழப்பு கெடுது." எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி கூட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். பேச்சு வேறு எங்கோ போயிற்று.

எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது.

சோதனை வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, அதோடு கொஞ்ச நாள் வாழ்ந்து பார்ப்பது அவர்கள் தொழிலின் வழக்கம். வாரக்கணக்கில், காலையில் முதலாவதாகவும் மாலையில் கடைசியாகவும், இரண்டு பேரும் இறங்கி ஏறியது ஒரே பள்ளம்.

வெளியே ரோலர் உறுமியது.

நான் ஓடினேன். ஓடியது ஞாபகமிருக்கிறது, செருப்புப் போட்டது ஞாபகமில்லை. மேஸ்திரி தார்ச் சட்டியோடு ஆளைப் பள்ளத்தின் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதை மூடாதீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் மூடலேன்னு திட்டுவாங்க. மூடாதேன்னு சொல்ற முதல் ஆளு நீங்கதாம்மா."

"சாயங்காலம் வரைக்கும். மத்ததெல்லாம் போடுங்க, இதை மட்டும் கடைசியா வெச்சுக்குங்க."

"தார் ஆறிடும்மா. அதுவுமில்லாம, இந்தப் பள்ளத்துக்குத்தான் புகாரே வந்துச்சு. உங்க வீட்லேந்துதான் போன் பண்ணியிருக்காங்க."

"எங்க வீட்லேந்தா? யாரு?"

"அது ஆபீஸ்ல கேக்கணும். எனக்கு வாசல் அடையாளம் மட்டும்தான் சொன்னாங்க. மஞ்சள் கேட்டு, காது மெஷின் போர்டு."

அதை யோசிக்க அப்போது நேரமில்லை. பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். "சரி, தெருக்கோடிலேந்து ஆரம்பிங்கப்பா. இந்தம்மா எந்திரிக்கட்டும்."

கொடியருகே நின்றிருந்த இரண்டு பேரும் கேட்டுக்கு வந்திருந்தார்கள்.

"உங்க மேடத்தை வரச் சொல்லுங்க" என்றேன். "ரெண்டு வண்டியையும் கொண்டாரச் சொல்லுங்க."

"எதுக்கு?" என்றார் இவர்.

"பள்ளத்தைப் பாக்க."

அண்ணனின் முகம் மாறியது. இவருடைய முகமும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே, காலையில் மாதிரியே, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

*

மேடம் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக, நினைத்ததைவிடக் களைப்பாக இருந்தார். சுழி போட்ட இரண்டு வண்டிகளும் சோப்பு நுரையில் செய்தவை போல மெதுவாகத் தெருவுக்குள் வந்தன. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன.

நான் சொன்னதை அவர் நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு, "உங்க கூண்டுல உள்ள இருந்தா வெளியில பேசறது கேக்குமா?" என்றார்.

"கேக்காது."

"அப்ப முதல்ல உங்க அண்ணன் உள்ள உக்காரட்டும்."

தையற்காரம்மா எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு வீட்டுக்குப் போகவே மனமில்லை. அண்ணன் கூண்டுக்குள் உட்கார்ந்தான். காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

வாசலில் மேடம் இவரைக் கேட்டார். "குழிக்கு ஸ்பிரிங் பதப்படுத்தின இடம் எது? கம்பெனி சோதனைத் தடம்னு சொல்லியிருக்கீங்க."

இவர் கேட்டைத் திறந்து, மறுபடி சாத்தினார். உள்ளே என் மேஜையில் விளக்கு எரிந்து அணைந்தது. அண்ணன் பதற்றத்தில் சும்மா அழுத்திக்கொண்டிருந்தான்.

"தடத்துல பண்ணினதுதான் மேடம். ஆனா வீட்டுக்கு வந்தா சத்தம் இருக்கும். மறுநாள் போயி மாத்துவேன். திரும்ப வந்து பாப்பேன். கடைசியில... இங்கதான் முடிச்சேன்."

"இந்தக் குழியிலயா?"

"ஆமா."

"ஏன் இது?"

"உள்ள இவ டெஸ்ட் பண்ணிட்டிருப்பா. கெட்டுப்போகும்."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்காக என்றும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு பள்ளம் பற்றி யார் பேசினாலும் பேச்சை மாற்றியதுதான் உண்டு.

அடுத்து இவர் கூண்டுக்குள் போனார். அண்ணன் வெளியே வந்தான். அதே கேள்வி. அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். நம்ம தடத்துல இல்ல. இந்த வாசல்லதான்."

"எதுக்கு?"

"தங்கச்சி ஒருதடவை சொல்லிச்சு, பொழப்பு கெடுதுன்னு. மாப்பிள்ளை வண்டியை நான் ஒண்ணும் சொல்ல முடியாது. என் வண்டியாவது சத்தம் போடாம வரட்டுமேன்னு."

மேடம் இரண்டு வண்டியிலும் மாறி மாறி ஏறி, அவரே ஓட்டி, பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். தப். தப். என் மேஜைக்குப் பக்கத்தில் நின்ற தையற்காரம்மா, "ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

மேடம் இறங்கி வந்து, இவரையும் கூண்டிலிருந்து வெளியே கூப்பிட்டு, கேட்டில் சாய்ந்துகொண்டார். "திருடலைன்னு புரியுது. ஆனா இது அதைவிட மோசம். ஊருக்கு வண்டி பண்ணச் சொன்னா ரெண்டு பேரும் ஒரு வாசலுக்கு வண்டி பண்ணியிருக்கீங்க. இந்தக் குழியில மெதுவா இறங்கணும்னு எல்லாத்தையும் இளக்கி, பெரிய ரோட்டுல தூங்குது வண்டி. அதுல குடும்பம் குடும்பமா உக்காந்து போவாங்க."

அது உண்மை.

"ரெண்டுமே வேண்டாம். முதல்லேந்து பண்ணுங்க. சேர்ந்து. இனி ஒருத்தர் பொய் சொல்லாம இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து பாத்துக்குங்க."

"வேலை..." என்றான் அண்ணன்.

"நான் சொல்ற இடத்துல சொல்லிக்கறேன். இப்ப நல்ல ரோட்டுல போயி ஓட்டிக் காட்டுங்க. ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறுங்க."

அண்ணன் ஸ்டியரிங் பக்கம் போனான். நின்றான். பிறகு சாவியை இவரிடம் நீட்டினான். "ஏறுங்க மாப்பிள்ளை. இப்ப கேள்வி இல்ல."

இவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி, ஏறி, தெருவில் மிதந்து போய்த் திரும்பியது.

மேஸ்திரி என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பவாவது மூடலாமா?"

"மூடுங்க" என்றேன்.

கருப்பாக, பளபளவென்று, அந்த இடம் ஒரு கண் மூடுவது போல மூடிக்கொண்டது.

*

பிறகு ஆனவற்றைச் சொல்லிவிடுகிறேன். பொது அடிப்பாகத்துக்கு அண்ணனைத் தலைவனாகப் போட்டார்கள். இவர் அவனுக்குக் கீழே. அதில் இவருக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. பெரிய ரோட்டில் தூங்காத ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தது இவர்தான் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்ததும் வருத்தம் தீர்ந்தது. அந்தச் சின்ன வண்டி இரண்டு பெயரில் வெளிவந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். தன்னுடையதுதான் நல்ல வண்டி என்று இருவரும் வாதாடுகிறார்கள். மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தையற்காரம்மாவுக்கு மெஷின் பொருத்தினேன். அதைப் போட்டுக்கொண்டால் மருமகள் பேசுவது கேட்கிறது என்று பாதி நாள் கழற்றி வைத்துவிடுகிறார். கொடியில் இப்போது எல்லாச் சட்டையும் ஒரே நிறம். எது யாருடையது என்று கழுத்தளவைப் பார்த்துத்தான் பிரிக்கிறேன். வீடு மாறவில்லை. வாசல் சமமாக இருக்கிறது. யார் வந்தாலும் எனக்குத் தெரிவதில்லை.

அந்தப் புகாரை யார் கொடுத்தது என்று மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். அண்ணன் இல்லை என்றான். இவர் இல்லை என்றார். அண்ணி, தட்டைப் பார்த்தபடி, கூட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.